பெட்டியின் மேல் ஒரு கால்

உக்கடத்தில் சின்னப் பட்டறை வைத்து, எலெக்ட்ரிக் கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் செய்கிறேன். ஐந்து வாட்தான், வீட்டுக்குள் வாசிக்க அது போதும். ஸ்பீக்கரும் சேர்ந்த அந்தப் பெட்டி துளியும் அதிரக் கூடாது என்பது என் பிடிவாதம். அதற்காகவே உள்ளே கம்பளித் துணி ஒட்டி, அடியில் தடித்த ரப்பர் வைப்பேன்.

சூலூரில் விசைத்தறி ஓட்டும் ஒரு அம்மா, சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர், வாங்கிப்போன பெட்டியைக் கிட்டாரோடு திரும்பக் கொண்டுவந்தார். சத்தம் பத்தவில்லையோ என்று பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினேன். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, தன் பெட்டி மேல் காலை வைத்துத் தந்தியை மீட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற பொருள்.

"ஏனுங்க, அது மேல காலை வெக்காதீங்க" என்றேன், கடுமையாகவே.

சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. தறிச் சத்தத்துல காது மந்தமாயிருச்சுங்க. கால்ல அதிர்ந்தாத்தான் நான் வாசிக்கறது எனக்கே தெரியும். உங்க பெட்டி அசையவே மாட்டேங்குதுங்க."

ரப்பரைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த துணியையும் உரித்தேன்.

"இப்ப வெச்சுப் பாருங்க."

அவர் வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்து நின்றார். நான் சொன்னது அவ்வளவு சுட்டிருக்கிறது.

பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் என் காலை வைத்தேன். அவர் லேசாகச் சிரித்துத் தந்தியை மீட்டினார்.

இத்தனை வருஷமாக நான் எதை அடக்கி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உள்ளங்காலில் ஏறியது.