மாவு மில்லுக்கு மேலே ஒரு நூலகம்

கம்பெனி கேன்டீனில் இன்று களி கிளறினார்கள். சூடான கேழ்வரகு மாவின் வாசனை வந்ததும், சூளகிரியில் ரோடு அகலமானபோது இடிபட்ட மாவு மில்லும் அதன் மாடியிலிருந்த சின்ன நூலகமும் நினைவுக்கு வந்தன. கீழே பெல்ட் ஓட ஓட மேலே தரை அதிரும், அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் விரலில் மாவு ஒட்டும்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான், கேழ்வரகை அரைக்கக் கொடுத்துவிட்டு மேலே ஏறி, பாம்புகளைப் பற்றிய புத்தகத்தை வாசலோரம் நின்றபடியே படிப்பேன். கதைப் புத்தகம் எனக்கு ஆகாது, அதில் வருகிறவர்களுக்கு என்ன ஆகுமோ என்று பாதியிலேயே மூடிவிடுவேன். எந்தப் பாம்புக்கு விஷமில்லை என்று அடித்துச் சொல்லும் புத்தகம்தான் நிம்மதி, என்னைப்போல் பயந்தவர்களுக்கு இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். நாற்காலிகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நான் படிப்பை விட்டது தெரிந்தால் துரத்திவிடுவார்கள் என்று பயம்.

ஒரு நாள் கீழிருந்து மில்காரர் கத்தினார். "ஏம்மா பொண்ணு, மாவு ஆறிப்போச்சு! மேல என்ன கலெக்டர் உத்தியோகமா?"

நூலகப் பொறுப்பிலிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார், எழுந்து என்னிடம் வந்தார்.

"எந்த ஸ்கூலு பாப்பா நீ?"

"இப்பப் போறதில்லீங்க." புத்தகத்தைத் திருப்பி நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, முந்தானையால் தூசி தட்டினார்.

"அப்ப உனக்குப் பெல்லு அடிக்காதில்ல? நிதானமா உக்காந்து படி. அவரு கத்துனா கத்திட்டுப் போறாரு."

நுனியில்தான் உட்கார்ந்தேன். ஆனாலும், நல்லபாம்பு அத்தியாயம் முடியும்வரை எழவில்லை.