ஆமாங்க வாங்கிய கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. கடை வாடகை ரசீதைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. தெரு முழுக்க அவரை "ஆமாங்க" என்றுதான் கூப்பிட்டது.

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைச் சுற்றியதும் வாயைத் திறப்பார். இந்த வருஷம் வெயில் தாங்கவில்லை என்பார். "ஆமாங்க." அவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்கார்ந்து, போன வருஷ வெயிலுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்பார். "ஆமாங்க." கத்தி என்னவோ வாடிக்கையாளரின் தொண்டையில்தான் இருக்கும், பயம் மட்டும் இவருக்கு. மறுத்துப் பேசினால் அவர் தலையை ஆட்டுவார், ஆட்டினால் காதோரக் கோடு கோணலாகிவிடும். தொழிலுக்காகப் பழகிக்கொண்டது, நாளடைவில் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. முதன்முதலாகப் பார்த்துப் பேசியபோது, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்ட பெண்ணுக்கும் அதையேதான் சொன்னார். அவர் நிஜமாகச் சொன்னாரா, பழக்கதோஷத்தில் சொன்னாரா என்ற சந்தேகம் இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அவர் மனைவிக்குத் தீரவில்லை.

மனைவி அப்படியே நேர்மாறு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆனாலும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி அவள் தலையில் விழுந்தது தவறுதலாகத்தான். கூட்டத்தில், "யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு அவள் நெற்றிக்கு மேலே வட்டமிட, அடிப்பதற்காகக் கையைத் தூக்கினாள். கை இறங்குவதற்குள் கைதட்டல் வந்துவிட்டது.

கொடுத்த வேலையைக் குறை இல்லாமல் செய்தாள், கையெழுத்து ஒன்றைத் தவிர. அது கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அவள் ஒட்டிய நோட்டீஸ் ஒன்றில், 'செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவப்படும்' என்று எழுதியிருந்தாள். கட்டடத்தில் பாதிப் பேர் அதை 'தழுவப்படும்' என்று வாசித்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் அவளை வழிமறித்து, "செயலாளரம்மா, தொட்டியைத் தழுவ நாங்களும் வரணுமா, இல்ல கமிட்டிக்காரங்க மட்டுந்தானா?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்."

"ஆமா."

"சும்மா ஆமா போடாதீங்க, காதுல வாங்குங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். நோட்டீஸ் அடிக்கணும், கரண்ட் பில் கட்டணும். நம்ம பொண்ணை இந்தப் போன்ல பார்த்துப் பார்த்து, அவ முகமே உள்ளங்கை சைஸ்னு நினைச்சுட்டேன். கொஞ்சம் பெருசா பார்க்கணும். அவ்வளவுதான். மேசை மேல வைக்கிற மாதிரி, விலை கம்மியா. கடையில நாலு பேர் வர்றாங்களே, விசாரிச்சுட்டு வாங்க."

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் போனில்தான் முகம் காட்டுவாள். அந்தப் போனின் கண்ணாடியில் விரிசல் வேறு. மகளின் மூக்கு எப்போதும் இரண்டு துண்டாகவே தெரியும்.

ஆமாங்க விசாரித்தார். விசாரித்ததுதான் வினை. வங்கி அதிகாரி சோப்பு நுரைக்குள்ளிருந்து, "வாங்குறதுதான் வாங்குறீங்க, இருக்கிறதிலேயே பெருசா வாங்குங்க. பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார். "ஆமாங்க." ஓவிய வாத்தியார், "உள்ள என்ன இருந்தா என்ன? திரைதான் முக்கியம், சுவர் அளவுக்கு இருக்கணும்" என்றார். "ஆமாங்க." பார்சல் வண்டி ஓட்டுகிறவர் பழசு வாங்குகிறவன்தான் புத்திசாலி என்றார். அவர் மீசையை ஒதுக்கி முடிப்பதற்குள், வரிசையில் காத்திருந்த ஆமாங்கவின் சொந்த மச்சான், "பழசு வாங்கினா வீட்ல ஒரு நோயாளியை வச்சுப் பார்த்துக்கிற மாதிரி, மாமா" என்றான். இருவருக்கும் சேர்த்து ஒரே ஆமாங்க.

ராத்திரி மனைவி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் நல்லாதான் சொன்னாங்க" என்றார்.

இப்படி இருக்கும்போது, தெருமுனை கம்ப்யூட்டர் ஷோரூமில் விற்பனை பார்ப்பவர் ஒரு சாயங்காலம் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். தானாக வந்து மாட்டிய மீன் என்று ஆமாங்க நினைத்தார். யார் மீன், யார் தூண்டில் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

"வீட்டுக்கா? அப்போ வேகமா இருக்கணுமே சார்?"

"ஆமாங்க."

"படம் தெளிவா வரணும்னா தனி கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாம்ல?"

"ஆமாங்க."

"சூடாகும். அதனால கூடுதலா ஃபேன். கலர் கலரா லைட் எரியும், ஹாலுக்கே ஒரு களை வந்துடும். அப்போ புக் பண்ணிடட்டுமா? நாளைக்கே டெலிவரி."

கத்தி தாடைக்கும் தொண்டைக்கும் நடுவிலான வளைவில் இருந்தது. கை பிசகக் கூடாத இடம். ஆமாங்கவின் வாய் வழக்கப்படி தன் வேலையைப் பார்த்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தவர் திருப்புளி. பிரிண்டர், கம்ப்யூட்டர், மிக்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்து மாட்டும் ரிப்பேர்காரர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர், அதாவது திருப்புளி, குத்தியிருக்கும்; பெயரும் அதுவே ஆகிவிட்டது. தலையில் காடு மாதிரி முடி. ஆமாங்க வலது பக்கத்தை ஒட்ட வெட்டி முடித்துவிட்டு, இடது பக்கத்தில் சீப்பை வைத்தபடி, பெருமையாக விஷயத்தைச் சொன்னார். தனி கார்டு, கூடுதல் ஃபேன், கலர் லைட்.

திருப்புளி கண்ணாடியில் அவரையே பார்த்தார்.

"அண்ணே, அதை வச்சு அண்ணி என்ன செய்யப் போறாங்க?"

"நோட்டீஸ் அடிக்கப் போறா."

"நோட்டீஸா! அது கேம் ஆடுற பசங்க வாங்குற மெஷின்ணே. கொசு அடிக்க பீரங்கியா? எழுந்திரிங்க, டெலிவரி கிளம்புறதுக்குள்ள போயிடலாம்."

எழுந்திருக்க வேண்டியவர் அவர்தான். ஆமாங்க ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். திருப்புளி எழுந்தார், கழுத்துத் துணியோடு அப்படியே தெருவில் இறங்கினார். ஒரு பக்கம் மொழுமொழுவென்று, மறுபக்கம் புதராக, பின்னால் துணி கொடி மாதிரி பறக்க அவர் நடக்க, சீப்பும் கத்திரியுமாக ஆமாங்க பின்னால் ஓடினார். தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சைக்கிள் கடைக்காரர், "என்ன ஆமாங்க, பாதியில தப்பிச்சுட்டாரா?" என்று கத்தினார்.

"ஆமாங்க!" என்று ஓடிக்கொண்டே பதில் சொன்னார் ஆமாங்க.

ஷோரூமுக்குள் நுழைந்தால், அங்கே இவர்களுக்கு முன்பே மனைவி நின்றுகொண்டிருந்தாள். டெலிவரிக்கு வீட்டு அடையாளம் கேட்டு ஷோரூமிலிருந்து போன் போயிருக்கிறது. போனிலேயே அவள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் பிடிக்காமல் நேரில் வந்துவிட்டாள். எதிரே மேசையில் அந்தப் பெட்டி சிவப்பும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது நோட்டீஸ் அடிக்குமா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதுல யுத்தமே நடத்தலாம்."

"அது எங்க சங்கக் கூட்டத்துலயே நடக்குது. வீட்லயும் வேண்டாம்." அப்போதுதான் திரும்பியவள், கணவரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற பாதித் தலையைப் பார்த்தாள், ஒரு கணம் எதற்காக வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

விற்பனைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் பில் போட்டுவிட்ட பொருளை விட அவருக்கு மனசில்லை. ஆமாங்கவிடம் திரும்பினார். "சார், நான் ஒண்ணும் வற்புறுத்தலையே. நீங்கதானே நேத்து ஒவ்வொண்ணுக்கும் ஆமாம் சொன்னீங்க?"

எல்லோரும் ஆமாங்கவைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. எதிரே நாற்காலி இல்லை, நுரை இல்லை, யார் தொண்டையிலும் கத்தி இல்லை. இவர் இப்போது மறுத்துப் பேசினால் யாருடைய காதுக்கும் சேதம் வராது. இந்த எண்ணம் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஆமாங்க" என்றார். அப்புறம் சொன்னார்: "ஆனா வேண்டாங்க."

சொன்ன குரல் சின்னதுதான். சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழுகிறதா என்று பார்ப்பதுபோல மேலே பார்த்தார். ஒன்றும் விழவில்லை. விற்பனைக்காரர் தலையைச் சொறிந்தார், திருப்புளியின் தலையை இன்னொரு தடவை பார்த்தார், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, வாங்க. உங்களுக்கு ஏத்தது பின்னாடி இருக்கு."

பின்பக்க அலமாரியில், ஏதோ அலுவலகம் ஒன்று மாற்றிக்கொண்டபோது திரும்பி வந்த கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. லைட்டும் இல்லை, மினுக்கும் இல்லை. ஒவ்வொன்றும் கனமான அகராதி அளவு. திருப்புளி ஒன்றின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஊதிப் பார்த்தார்.

"மெமரி எட்டு ஜிபி இருக்கு, அண்ணிக்குத் தாராளம். ஆனா டிஸ்க் பழைய சுத்துற டைப். பட்டனை அழுத்திட்டு நீங்க குளிச்சு, தலை துவட்டி வந்தாலும் இது யோசிச்சுட்டே நிக்கும். இதை எடுத்துட்டு எஸ்எஸ்டின்னு சுத்தாத புது டைப் டிஸ்க் போட்டுக் குடுத்தா மனுஷன் மாதிரி வேலை செய்யும். வாரண்டி உண்டா?"

"ஒரு வருஷம் தர்றோம்" என்றார் விற்பனைக்காரர். "திரை தனி. பெட்டி விலையில சேராது."

ஆமாங்க திடுக்கிட்டார். திரை இல்லாத கம்ப்யூட்டர் என்றால், கண்ணாடி மாட்டாத சலூன் மாதிரி அல்லவா? நடுத்தரமாக ஒரு திரையைக் காட்டினார்கள். ஓவிய வாத்தியார் சொன்ன சுவர் அளவு நினைவுக்கு வந்தது. அதை அப்படியே மறந்துவிட்டார்.

மனைவி மட்டும் இன்னும் திருப்தி இல்லாமல் திரையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எம் பொண்ணு முகம் இதுல எனக்குத் தெரியும், சரி. என் முகம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

திருப்புளியும் விற்பனைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை. அப்புறம்தான் திரை மேல் கவ்விக்கொள்ளும் கேமரா வந்தது, ஒரு சின்ன ஸ்பீக்கர் வந்தது, வைஃபை பிடிக்க விரல்நுனி அளவில் ஒரு சாதனம் வந்தது. எல்லாம் சேர்ந்தும் அந்த மினுக்கும் பெட்டியின் விலையில் பாதிகூட வரவில்லை. அவ்வளவு நேரமும் திருப்புளி கழுத்துத் துணியை அவிழ்க்கவே இல்லை. கடைக்கு வந்த ஒருவர் அதை ஷோரூம் சீருடை என்று நினைத்து அவரிடம் கீபோர்டு விலை கேட்டார்.

சலூனுக்குத் திரும்பி மறுபாதியை வெட்டிவிட்டு, சாயங்காலம் மூவருமாக வீட்டு ஹால் மூலையில் அதைப் பொருத்தினார்கள். பட்டனை அழுத்தினால், தலையில் தண்ணீர் தெளிக்கும் நேரத்துக்குள் திறந்துகொண்டது. ஆமாங்க மௌஸைக் கத்திரி மாதிரியே பிடித்தார், சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு. அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. "அதை அழுத்திப் பிடிக்காதீங்கண்ணே, அதுக்கு ஒண்ணும் ரத்தம் வராது" என்றார் திருப்புளி.

மனைவி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். 'வரும் வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவப்படும்.' அச்சில் வார்த்தது மாதிரி எழுத்து. 'க' நிஜமாகவே 'க'வாக இருந்தது. மூன்று பேரும் அதைப் படித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

"சரி," என்றாள் அவள், "இதை எப்படி வெளிய எடுக்கிறது?"

ஊர்ப் பிரிண்டரையெல்லாம் ரிப்பேர் பார்க்கும் திருப்புளி, மெதுவாகத் தன் புதுத் தலையைத் தடவிக்கொண்டார். அத்தனை பேர் அத்தனை யோசனை சொன்னார்கள். பிரிண்டர் என்ற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை.

அவள் அசரவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் தெரிந்த ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து, வளைவு பிசகாமல் அப்படியே வரைந்தாள். மறுநாள் காலை பலகையில் அதைப் படித்த மூன்றாம் மாடிக்காரர், "பார்த்தீங்களா, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தான்!" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அன்று ராத்திரி மகளைத் திரையில் கூப்பிட்டார்கள். அவள் முகம் முழுசாக, மூக்கு ஒரே துண்டாக வந்தபோது இரண்டு பேரும் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் மனைவி பேச்சைப் பிடித்துக்கொண்டாள். ஷோரூம் கதையைப் பாதித் தலையிலிருந்து தொடங்கினாள். ஆமாங்க ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாதி முகம்தான் தெரியுது. இந்தப் பக்கம் வாங்க."

அவர் நகரவில்லை. கையை நீட்டி, திரையின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து, வாடிக்கையாளர் கன்னத்தைத் திருப்புவது மாதிரி, நோகாமல், அதைக் கேமராவோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்ப அம்மாவைக் காணோமே!" என்று சிரித்தாள் மகள்.

"நான் இங்கதான்டி இருக்கேன்," என்றது குரல் மட்டும், "உங்கப்பாகிட்ட சொல்லி என்னையும் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டச் சொல்லு!"