சந்தனம் பூசிய பேட்டரி

எங்கள் கடையில் யாராவது பீடி பற்றவைத்தால் போதும், என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வருமோ. "அண்ணே, சாகணும்னா ரோட்டுல போயிப் பத்தவைங்க. இங்க பேட்டரி கேஸு நிக்குது" என்பார். மற்றபடி அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். காளவாசலில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் பேட்டரிக் கடை. ஆட்டோ, லோடு வேன், டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றுக்கும் புது பேட்டரி விற்போம். சார்ஜ் இறங்கிப்போனதை ஏற்றிக் கொடுப்போம். நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவள். சாயங்காலம் கடைக்கு வந்து கல்லாவில் உட்காருவேன்.

அவருக்கு ஊர் எழுமலை. அவர்கள் வீட்டில் அதுவரைக்கும் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சொந்தக் கடை என்று ஒன்றைத் திறந்து அதற்கு ஆயுத பூஜை போட்ட முதல் ஆள் இவர்தான். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் சிக்கனம் கிக்கனம் எதுவும் கிடையாது. வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் வந்து இறங்கும். கடையில் இருக்கிற ஒவ்வொரு பேட்டரியையும் துடைத்து, மேலே குழைத்த சந்தனத்தை வழித்துப் பூசி, குங்குமம் வைப்பார். நாங்கள் மட்டுமில்லை, மதுரையில் எந்த பேட்டரிக் கடைக்குப் போனாலும் அன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

கார்களிலும் இன்வெர்ட்டரிலும் போடுகிற பேட்டரி ஈயமும் கந்தக அமிலமும். சார்ஜ் நிறைகிற நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். அது வெளியேறத்தான் மேலே மூடிகளில் பொடித் துளை வைத்திருக்கிறான். அந்தத் துளையின் மேலேதான் நாங்கள் சந்தனம் பூசுவோம், ஏனென்றால் பொட்டு வைக்க வாகாக உருண்டையாக இருப்பது அந்த மூடிதான்.

எந்த வருஷமும் பூஜையன்று சார்ஜரில் ஒன்றும் இருக்காது. போன வருஷம் ஒரு லோடு வேன்காரர் காலையிலேயே வந்து நின்றார். பூஜை நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம். "வண்டிக்கு மாலை போட்டு வச்சிருக்கேண்ணே, எலுமிச்சம்பழத்துல ஏத்தணும்ல" என்று கெஞ்சினார். சரி என்று இவரும் அந்த பேட்டரியை சார்ஜில் போட்டார். மத்தியானம் பூஜைக்கு முன்னால் சார்ஜரை நிறுத்தவும் செய்தார். தொழில் தெரிந்தவர், அதிலெல்லாம் தவற மாட்டார். நிறுத்திவிட்டு, அதற்கும் சந்தனம் பூசினார். அடுத்தவர் பொருள் என்று அதை மட்டும் மூளியாக விட அவருக்கு மனசு வரவில்லை.

பிறகு கற்பூரத் தட்டை எடுத்து, ஒவ்வொரு பேட்டரிக்காகக் காட்டிக்கொண்டே அந்த வேன்காரர் பேட்டரிக்கு வந்தார். பீடி நெருப்பு, ஊதுபத்தி நெருப்பு, வெல்டிங் பொறி எல்லாம் எங்கள் கணக்கில் நெருப்பு. கற்பூரம் எங்களுக்கு நெருப்பில்லை, சாமி. ஹைட்ரஜன் நிரம்பிய சோதனைக் குழாயின் வாயில் எரிகிற குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று சத்தம் வரும் என்று வருஷா வருஷம் லேபில் செய்து காட்டுகிறவள் நான். நானும் பக்கத்தில் நின்று மணியாட்டிக்கொண்டிருந்தேன். அவர் தம்பி, என் கொழுந்தன், தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரில் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வெடித்த சத்தம் எனக்குச் சரியாக நினைவில்லை. காதை அடைத்துவிட்டது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரியின் மேல்பக்கம் காணவில்லை. கொழுந்தன் ஓடிப்போய் ஆப்பசோடா பாக்கெட்டைக் கொண்டுவந்தார். தரையில் அமிலம் சிந்தினால் நாங்கள் அதைத்தான் தூவுவோம். "கண்ணுல போட்ராதீங்க, வெந்துபோகும்!" என்று கத்தி, கொழுந்தன் கையைத் தட்டிவிட்டேன். விற்பதற்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து என் வீட்டுக்காரர் கண்ணில் ஊற்றினேன். "தெரியலடி, ஒண்ணுந் தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்து நின்றபோது கடை முழுக்கப் பொரி நனைந்து கிடந்தது.

இடது கண்ணில் பேட்டரியின் பிளாஸ்டிக் சில்லு பாய்ந்திருந்தது. அது போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். வலது கண்ணின் கருவிழி அமிலத்தில் வெந்து, கஞ்சி ஆடை படிந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியதால்தான் அந்தக் கருவிழிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பிழைத்திருக்கிறது என்றார் டாக்டர். புண் ஆறட்டும், ஆறிய பிறகு யாராவது தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்துப் பார்க்கலாம், பார்வை வந்தாலும் வரும் என்றார். அந்த 'வந்தாலும் வரும்' என்கிற ஒன்றைத்தான் கையில் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகான மாதங்களை என்னவென்று சொல்வது? பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, எனக்கு ஆளே அப்படி ஆகிவிட்டது. விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனால், பாட வரிசைப்படி அந்த வாரம் ஈய சேமக்கலம், இதே பேட்டரிதான். ஈயம், ஈய டை ஆக்சைடு, கந்தக அமிலம், மின்னிறக்கத்தில் இரண்டு தகடும் ஈய சல்பேட் ஆகும், மின்னேற்றத்தில் அது திரும்பும் என்று போர்டில் சமன்பாட்டை எழுதினேன். பிள்ளைகள்தான் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து எழுதினார்கள். சமன்பாடு இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன்.

அழவில்லை என்று ஊரில் பேச்சு. "கல்லுளிமங்கி மாதிரி இருக்கா" என்று அவருடைய அக்கா சொன்னது என் காதுக்கும் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கடையிலிருந்து பழைய சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு நாள் டார்ச் செல் ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒழுகியிருக்கு, தூக்கிப் போடு" என்றார். அந்த செல்லில் வெளிக்கூடே துத்தநாகம்தான். வெளிச்சம் கொடுக்கக் கொடுக்கத் தன் கூட்டையே அது தின்றுகொண்டிருக்கும், கடைசியில் ஓட்டையாகி ஒழுகும். நான் அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுகிறார்கள், அது கண்மாய்க்கரைக் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பழைய எமர்ஜென்ஸி விளக்குகளில் இருந்த நிக்கல் காட்மியம் இதைவிட மோசம். காட்மியம் மண்ணில் இறங்கினால் நெல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதையெல்லாம் அவரிடம் சொன்னால், "ஏ டீச்சரு, கண்ணு போனவன்கிட்டயும் கிளாஸ் எடுக்கிறியா?" என்பார். சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கொழுந்தனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"மதினி, அந்தக் கருமத்த எல்லாம் தூக்கிக் கெடாசிருவோம். லித்தியம் மட்டும் விப்போம். அமிலமும் இல்ல, கேஸும் இல்ல, தண்ணி ஊத்துற சோலியும் இல்ல. அன்னைக்கு லித்தியமா இருந்திருந்தா அண்ணனுக்கு இப்படி ஆயிருக்குமா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஆயிருக்காது. வேற ஒண்ணு ஆயிருக்கும். உள்ள ஷார்ட் ஆனா அது தானாச் சூடேறி, அந்தச் சூட்டுலயே இன்னும் சூடாகி எரியும். எரியறதுக்கு ஆக்சிஜனையும் அதுவே குடுத்துக்கும். தண்ணிய ஊத்தினா லேசுல அடங்காது. வீட்டுக்குள்ள ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டுட்டுத் தூங்குறவங்கள என்ன செய்வீங்க?"

"எல்லாமே அப்படியா மதினி?"

எல்லாமே அப்படி இல்லைதான். கோபால்ட், நிக்கல் போட்டது ஒரு வகை. இரும்பு பாஸ்பேட் போட்டது இன்னொரு வகை. இரண்டாவது சாது, எடை கொஞ்சம் கூட, ஆனால் லேசில் தீப்பிடிக்காது. கொழுந்தனிடம் இதையும் சொன்னேன். கோபால்ட்டை எங்கேயோ கண்காணாத தேசத்தில் மனுஷர்கள் மண்ணுக்குள் இறங்கித் தோண்டுகிறார்கள் என்றும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "ஈயத்த ஏன்டா திட்டுற? செத்த பேட்டரியக் குடுத்தா உருக்கி மறுபடியும் பேட்டரியே ஆக்கிருவான். லித்தியம் செத்துப்போச்சுன்னா இங்க எவன்ட்ட குடுப்ப? கடையில மேசைக்குக் கீழ ஒரு சாக்கு கெடக்குல்ல, கேட்க நாதியில்லாம."

"உருக்குற எடத்தப் பாத்தீகளா?" என்றேன் நான். அவரும் பார்த்திருக்கிறார். கல்லுப்பட்டிப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஒருவன் பேட்டரி உடைத்து உருக்கிக்கொண்டிருந்தான். அமிலத்தை ஓடையில் சாய்த்துவிடுவான். அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள் நின்ற இடத்தில் விழுந்தன. அதைப் பார்த்ததிலிருந்து இவர் பழைய பேட்டரியைக் கண்டவனிடமும் போடுவதில்லை, முறையாக எடுக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்.

"அப்ப எதுதான் நல்லது, சொல்லுங்க மதினி" என்றார் கொழுந்தன். பாவம், அவருக்கு அண்ணன் கண்ணுக்கு ஏதாவது ஒன்றைக் குற்றவாளி ஆக்கியாக வேண்டும். எனக்கு அந்தத் தெம்புகூட இல்லை. இன்வெர்ட்டருக்கு இரும்பு பாஸ்பேட் நல்லது, டிராக்டருக்கு இன்னும் ஈயம்தான் சரி, எதையும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன். அவர் சாப்பிடாமலே "வாரேன் மதினி" என்று கிளம்பிவிட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கருவிழி கிடைத்திருக்கிறது, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ அசைந்தது, அது சிரிப்பாக வந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, வாசலிலிருந்தே "கிடைச்சிருச்சுங்க, கிளம்புங்க" என்று கூவினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "யாரு வீட்டுலயாம்?" என்று கேட்டார்.

"என்னது யாரு வீட்டுல?"

"சாவு."

அதெல்லாம் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினேன்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு டாக்டர் விரலைக் காட்டினார். "மூணு" என்றார் இவர். மங்கலாகத்தான், ஆனால் மூன்றுதான். போகப் போகத் தெளியும் என்றார்கள். கொழுந்தன் வராண்டாவில் நின்று கேவிக் கேவி அழுதார். நான் சொட்டு மருந்து எத்தனை வேளைக்கு என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் விளக்கேற்றப் போனேன். "நான் சாமி ரூமுக்குள்ள வரலத்தா. எனக்குத் தீட்டு" என்றார்.

"உங்களுக்கு என்ன தீட்டு? உங்க பங்காளி வீட்டுல யாரு செத்தா?"

"செத்தவுக ஒடம்புல ஒரு துண்டு எங்கிட்ட இருக்கு. இதுக்கு மேல என்ன பங்காளி வேணும்?"

கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கோயிலுக்குப் போகவில்லை, முகத்தை மழிக்கவில்லை, கறி மீன் தொடவில்லை. பதினாறாம் நாள் காலையில், தலைக்கு ஊற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கழுத்துவரைக்கும் குளித்தார். இலை போடச் சொன்னார். சோறு, பருப்பு, வடை, பாயசம் என்று எல்லாம் செய்து வைத்தேன். இலைக்கு முன்னால் நின்றவர் கையைக் கூப்பிவிட்டு, அப்படியே விழித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"என்னன்னு சொல்லிக் கும்பிட? பேரு தெரியல. ஆணா பொண்ணா, சின்னப்புள்ளையானுகூடத் தெரியல." சோற்றைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "யாரா இருந்தாலும் வாங்க. உங்க கண்ணாலதான் இந்த எலையப் பாக்குறேன். சாப்பிட்டுப் போங்க."

நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன். எனக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இழவு விழுந்துவிட்டதென்று ஓடிவந்து, "யாருக்கா போனது?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டு ஆளு" என்று சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.