கற்பூரத்தை அணைத்த கை

எங்கள் கார் ஷெட்டில் திருட்டுப் போன கதையைச் சொன்னால் எல்லோரும் "ஐயோ பாவம்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். திருடினவனை ஆத்தா என்ன செய்தாள் என்று கேளுங்கள். ஏரிக்கரை அம்மனைக் கும்பிடுகிற நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஜய வருஷம் புரட்டாசி மாதம். இங்கிலீஷ் கணக்கில் ஐம்பத்து நாலு. என் வீட்டுக்காரர் செங்கல்பட்டு ரயிலடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ரயிலில் வருகிறவர்களைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போய், உச்சிவேளையில் கழுகு வந்து சோறு தின்பதைக் காட்டி, அப்படியே மகாபலிபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போவார். பழைய கறுப்புக் கார்தான். ஆனால் என் சங்கிலியும் வளையலும் அந்தக் காராகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. நிலம் நீச்சு எதுவும் கிடையாது. கார் ஓடினால்தான் வீட்டில் உலை வைக்க முடியும்.

ஆயுத பூஜை அன்று காரைக் கழுவி, மாலை போட்டு, ஷெட்டிலேயே பூஜை செய்தோம். ஸ்பானர், ஜாக்கி, காற்றடிக்கிற பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஷெட்டின் திண்டுக்கல் பூட்டுக்கும் சாவிக்கும் பொட்டு வைத்து, ஒரு தட்டில் ஆத்தா படத்துக்கு முன்னால் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது, உங்களுக்கே தெரியும். அதனால் வருஷா வருஷம் அன்றைக்கு மட்டும் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் படுப்போம். வருஷமெல்லாம் நமக்குக் காவல் இருக்கிற பூட்டுக்கு ஒரு நாள் மரியாதை செய்யக் கூடாதா?

பூஜைப் பொரி வாங்க ரயிலடிக் கார் ஸ்டாண்டு ஆட்கள் வந்தார்கள். வேலாயுதமும் வந்தான். அதே ஸ்டாண்டில் கார் ஓட்டுகிறவன். என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன். தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அண்ணி, பூட்டையும் சாமிகிட்ட குட்த்துட்டியா?"

"அதுவும் நமக்கு ஒழைக்கிற ஆயுதம்தானே" என்று சொல்லி, அவனுக்கு மட்டும் பொரி ஒரு கை கூடப் போட்டேன். அந்தப் பொரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விஜயதசமி காலையில் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பாட்டரி இல்லை, கார்புரேட்டர் இல்லை. பின்னால் போனால் ஸ்டெப்னி சக்கரமும் இல்லை. கதவைக் கட்டியிருந்த கயிறு மட்டும் அழகாகச் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த அழகைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திருடிவிட்டுப் போகிற அவசரத்தில்கூட நிதானமாகக் கயிறு சுற்றியிருக்கிறான்!

துக்கம் விசாரிக்க முதல் ஆளாக வேலாயுதம் வந்தான்.

"சாமான் இல்லாத வண்டிய வெச்சிகினு இன்னா அண்ணாத்த பண்ணப் போற? மெட்ராசுல தேடினாலும் இதெல்லாம் ஆப்புடாது. எங்கிட்ட குட்த்துடு. பழைய இரும்புக்குப் போடறதுக்கு நான் எடுத்துக்கறேன்."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஷெட்டில் பூட்டு இல்லை என்பது பொரி வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் வண்டியைக் கேட்கிறவன் இவன் ஒருவன்தான். ஆனால் என் வீட்டுக்காரர் எறும்புக்கும் வழிவிடுகிற மனுஷர். "பாவம், நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றார். நான் உள்ளே போய் அடுப்பைக் குத்திவிட்டேன். வேறு யாரைக் குத்துவது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார் ஷெட்டில் நின்றது. பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. வெள்ளிக்கிழமைதோறும் ஏரிக்கரைக்குப் போய் நான் கேட்ட வரத்தை உங்களிடம் ஒளிக்கவில்லை. "திருடினவன் கை அழுகணும் தாயே. அத நான் கண்ணால பாக்கணும்" என்று கேட்டேன். சாமானைத் திருப்பிக் கொடு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கடைசியில் ஸ்டாண்டு ஆட்களை எல்லாம் கோயிலுக்குக் கூப்பிட்டேன். ஆத்தா முன்னால் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றேன். ஒவ்வொருவராக அணைத்தார்கள். வேலாயுதம் முறை வந்தது. துளிக்கூடத் தயங்கவில்லை.

"நான் எடுத்திருந்தா எம் புள்ள மேல ஆத்தா வரட்டும்" என்று சொல்லிக் கற்பூரத்தைப் பட்டென்று அணைத்தான்.

பெற்ற பிள்ளை பேரில் சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? "பொம்பள பேச்ச கேட்டுகினு நல்லவன் மேல பழி போட்டியே" என்று எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். அவர் தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "வர்ற புதன்கெழமை வேலாயுதத்த வண்டிய எடுத்துக்கச் சொல்லிட்டேன் கன்னியம்மா. இனிமே பேசாத" என்றார். அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. அன்று முழுக்க அழுதேன். கார் போய்விட்டால் அவர் யார் வண்டிக்கோ கூலிக்கு ஓட்டவேண்டும். அது அந்த வேலாயுதத்தின் வண்டியாகக்கூட இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பூ இல்லை, தேங்காய் இல்லை, வெறுங்கையோடு கோயிலுக்குப் போய் ஆத்தாவுக்கு நேரே நின்றேன்.

"அவன் உம் முன்னாலயே பொய் சொன்னான். கேட்டுகினு சும்மா குந்திகினு கீற. உனுக்குக் காது கீதா, இல்லியா? கற்பூரம் உனுக்கு ஏத்துனது. அணைச்சவன நீ கேளு!"

பூசாரி பயந்துபோய் மணியடிப்பதையே நிறுத்திவிட்டார்.

புதன்கிழமை வேலாயுதம் வரவில்லை. அவன் பெண்டாட்டி செல்லம்மா வந்தாள். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றாள். இடுப்பில் வேப்பிலை செருகியிருந்தாள். அம்மை கண்ட வீட்டுக்காரி அடுத்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டாள். எனக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"அக்கா, எம் புள்ளைக்கு ஆத்தா வந்துகீறா. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. சாமான்லாம் அந்தாளுதான் எடுத்தாரு. மகாபலிபுரத்துக்கு இந்தாண்ட சவுக்குத் தோப்புல, மணல்ல பொதச்சி வெச்சிகீறாரு. நீ போய்க் கேளுக்கா. ஆத்தாவ எறங்கச் சொல்லு."

"உம் புருசன் இன்னா பண்றான்?"

"மூலைல குந்திகினு கையவே பாத்துகினு கீறாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவள் என்ன செய்தாள்? அந்தப் பிள்ளை என்ன செய்தது? அதே காலோடு ஏரிக்கரைக்கு ஓடினேன்.

"புள்ளைய வுட்டு எறங்கிடு தாயே. அப்பன வுடாத."

இவ்வளவுதான் வேண்டினேன். மனசாரத்தான் வேண்டினேன், இரண்டையும்.

பிள்ளை கண் திறந்தது. முத்து இறங்கியது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வேலாயுதம் எங்கள் வாசலில் வந்து நின்றான். மணல் ஒட்டிய கோணிச் சாக்குத் தலையில் இருந்தது. "வெச்சிட்டுப் போ" என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரையும் பட்டப்பகலில் கூட்டிவந்தேன். கழற்றின கையாலேயே அவனை மாட்டவைத்தேன். கார் இரண்டு இருமல் இருமிவிட்டு உறுமியது. அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார்.

பிறகு அதே கோயில், அதே ஆட்கள். மறுபடி கற்பூரம் ஏற்றி, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி அணைக்கச் சொன்னேன். முதல் தடவை பட்டென்று அணைத்தவன் இப்போது மெதுவாகத்தான் கையை வைத்தான். உள்ளங்கை வெந்து கொப்புளித்துப் போயிற்று. நான் கேட்டது அழுகல், அவள் கொடுத்தது கொப்புளம். சரி, அவள் பார்த்துச் செய்தது, நான் பேரம் பேசவில்லை. ஸ்டாண்டில் அவனை யாரும் சேர்க்கவில்லை. ஊரைவிட்டே போனான்.

இப்போதும் பூட்டுக்குப் பூஜை உண்டு. தீபாராதனை ஆனதும் உடனே மாட்டிவிடுகிறேன். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது, இதையும் ஏன் சுமத்த வேண்டும்?

வேலாயுதத்தை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். இல்லை. அது எனக்கு வரவில்லை. ஆனால் அவன் பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். முன்பெல்லாம் கோயிலில் முணுமுணுத்துவிட்டு வருவேன். இப்போது வாய்விட்டுப் பேசுகிறேன்.

உங்களுக்கும் அநியாயம் நடந்தால் அவளிடம் போங்கள். பூ வாங்கக் காசில்லையா, வெறுங்கையோடு போங்கள். கும்பிட மனசில்லையா, கோபத்தோடேயே போங்கள். ஊரெல்லாம் என்னைப் பொய்க்காரி என்றபோது நான் போட்ட கூச்சலைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.