பதின்மூன்றாவது கால்

ரேகாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், வேலை செய்வாள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த பதினான்கு வருஷத்தில் அவள் கணவன் கண்டுபிடித்த ஒரே உருப்படியான உண்மை இதுதான்.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நேரே மாதா கோயிலுக்கு வருவாள். கோயிலை ஒட்டிய ஹாலில் கெடிலக்கரைக் குடிசைப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு மாலை வகுப்பு நடத்தினாள். முக்கால்வாசி இந்துப் பிள்ளைகள். வீட்டுப்பாடம், பாட்டு, வயிறு நிறையச் சுண்டல். மீன் விற்கப்போன தாய்மார்கள் கூடையை இறக்கிவைத்து வரும்வரை பிள்ளைகளுக்கு அந்த ஹால்தான் வீடு. நான்கு வருஷம் ஒருநாள் விடாமல் நடந்தது.

ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார்கள், வந்தது வினை. பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது. ஆற்றங்கரைச் சேறு தரையெங்கும் காலடியாக விழுந்தது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் ஆரோக்கியராஜ் கொதித்துப்போனார்.

"ஏம்மா, இது ஹாலா, நாத்தங்காலா?"

ரேகாவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் வாசலில் ஒரு டப், ஒரு சொம்பு, அவள் தோளில் ஒரு துண்டு. பிள்ளைகள் வரிசையில் வந்து காலை நீட்ட, கழுவித் துடைத்து உள்ளே அனுப்பினாள். தினமும் எண்பது கால்கள். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம், "அடுத்து நானு" என்று முண்டியடிப்பார்கள். அப்படியும் பேரவைக்கு மனசு இறங்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஹால் கிடையாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பங்குச்சாமியார் ராஜாமணி நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் பலரையும்போல, "எல்லாருமா சேந்து சொல்றாங்க, நான் என்னம்மா பண்றது?" என்று கையை விரித்தார்.

பெரிய வியாழன் மாலை வந்தது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு காலைக் கழுவுகிற நாள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று கேட்கவும் வேண்டுமா? பேரவைப் பெரிய மனிதர்கள்தான். முதல் நாற்காலி ஆரோக்கியராஜுக்கு. எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசி வந்திருந்தார்கள். கழுவுவதற்கு அந்தக் கால்களில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

ரேகா பிள்ளைகளையும் தாய்மார்களையும் கூட்டிவந்து கடைசி வரிசைகளில் உட்காரவைத்திருந்தாள். ஒருமுறை இந்த முகங்களைப் பார்த்தால் யாருக்காவது மனசு மாறாதா என்ற நப்பாசை. அந்த நேரம் பீடத்தின் முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம் வந்தது. சொம்பு வந்தது. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டினார்.

பிள்ளைகளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "உக்காருங்கடா!" என்று ரேகா கிசுகிசுப்பதற்குள் நாற்பது பேரும் நடுவழியே போய்ப் பன்னிரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். வழிநெடுகச் சேறு. ரேகாவுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் தானே கெடுத்துவிட்டோமே என்று பதறி எழுந்தாள்.

பன்னிரண்டாவது காலைத் துடைத்து நிமிர்ந்தார் சாமியார். எதிரே ஐந்து வயது சினேகா, சேறு அப்பிய காலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, அடுத்து நானு!"

சாமியார் அந்தக் காலைப் பார்த்தார், ஆரோக்கியராஜைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மண்டியிட்டார். அன்றைக்கு முதல்முறையாகத் தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கியது. பாடகர் குழு பாட்டுத் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தது. பாதிப் பிள்ளைகள்கூட முடியவில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"தண்ணி!" என்றார் சாமியார்.

ஆரோக்கியராஜ் எழுந்தார். பிள்ளைகளை விரட்டத்தான் போகிறார் என்று ரேகா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு குழாயடிக்குப் போனார். ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்தார். அப்படி நான்கு நடை.

நாற்பதாவது பிள்ளை முடிந்ததும் பின்வரிசைத் தாய்மார்கள் கைதட்டினார்கள். பூசையில் கைதட்டக் கூடாதென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரப்பட்டவர்களும் சேர்ந்து தட்டினார்கள். ரேகா சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள்.

பூசை முடிந்ததும் ஆரோக்கியராஜ் அவளிடம் வந்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சி திங்கக்கெழம புள்ளைங்க எத்தன மணிக்கு வருவாங்க?"

"நாலரைக்கு மாமா."

"நாலு மணிக்கே ஹாலத் தொறந்து வெக்கிறேன். அவங்க கால நான் கழுவி வுடுறேன், நீ சுண்டலப் பாரு."