என் மனைவியின் வயிறும் என் சந்தேகமும்

வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கிற ஒப்பரேசன் செய்யப்போவதாக என் மனைவி சொன்னபோது எனக்குள் வந்த முதல் கேள்வி, ஆருக்குக் காட்ட என்பதுதான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்து முடித்திருப்போம். கேட்காததால் அது மூன்று கிழமை என்னைப் போட்டு அரித்தது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். வெயில் காலத்திலும் தொளதொளத்த சுவெட்டரோடு திரிகிற பெண்ணுக்குத் திடீரென்று தட்டை வயிறு எதற்கு? நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியை எடுப்பேன். வீட்டிலும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். போனைக் கவிழ்த்து வைக்கிறாள். வேலை முடிந்து அரை மணித்தியாலம் பிந்தி வருகிறாள். கேட்டால் மெட்ரோ பிந்திவிட்டது என்கிறாள். எனக்குத் தெரிந்து அந்த மெட்ரோ தினமும் பிந்துவதில்லை.

"ஆராவது கேட்டா ஹேர்னியா ஒப்பரேசன் எண்டு சொல்லுங்கோ" என்று வேறு சொல்லிவைத்தாள். எங்கள் ஆட்கள் எந்த ஒப்பரேசனையும் உள்ளபடி சொல்வதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஊருக்குப் பொய் சொல்கிறவள் எனக்கு மட்டும் உண்மை சொல்வாளா? கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம் என்றுதான் டொக்டரிடம் கூடப் போனேன்.

டொக்டர் ஐம்பது வயதுக்காரர், கியூபெக் பிரெஞ்சுக்காரர். அவரையும் நான் நம்பவில்லை. ஆசை காட்டுவார் என்று பார்த்தால் மனிதர் பயம்தான் காட்டினார். இது உடம்பை மெலிய வைக்கிற வழி இல்லை என்றார். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை வெட்டு விழும், தழும்பு மங்கும், ஆனால் போகாது. பிள்ளைப்பேற்றில் விலகிய தசைகளை இழுத்துத் தைப்பார்கள், தொப்புளுக்குப் புதிதாக இடம் வைப்பார்கள். நீர் வடிய ரியூப் இருக்கலாம். முதல் நாட்களில் கூனித்தான் நடக்க வேண்டும், ஆனாலும் படுத்தே கிடக்கக் கூடாது, காலில் இரத்தம் கட்டிவிடும். கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. முதல் நாட்களில் வீட்டில் ஆள் வேண்டும். சிகரெட் பிடிப்பவர் என்றால் புண் ஆறாது என்றார். நான் பல்கனியில் பிடிக்கிற சிகரெட்டை மனைவி போட்டுக் கொடுத்துவிட்டாளோ என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டார்: எத்தனை பிரசவம்?

"மூன்று" என்றாள்.

"இரண்டு" என்றேன் நான். டொக்டரிடமே பொய்யா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைத் திருத்துகிற குரலில்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது, இரண்டு வருடமாகிறது என்று வகுப்பில் படித்த பிரெஞ்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. அப்படிப் போன பிள்ளைக்கு நாங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை செய்வதில்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் இல்லை, சனம் வந்து கூடியிருந்து அழுவதும் இல்லை. ஆஸ்பத்திரியால் வந்த அன்றே வாங்கிவைத்த உடுப்புகளை நான் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தினேன். ஆரும் கேட்டால் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லப் பழகினேன். அவளும் அப்படித்தான் பழகியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ஏன் இந்த ஒப்பரேசன் என்று டொக்டர் கேட்டார். மெட்ரோவில் தினமும் யாராவது எழும்பி இடம் தருகிறார்கள் என்றாள். அதனால் சனம் நிறைந்த ரெயிலை விட்டுவிட்டு, வெறுமையாக ஒன்று வரும்வரை நிற்கிறாளாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "பிள்ளைத்தாச்சி இல்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"ஒருக்காச் சொன்னனான். அந்த மனிசி வெக்கத்திலை அடுத்த ஸ்டேசனிலையே இறங்கிப் போட்டுது. பாவம். அதுக்குப் பேந்து சொல்லுறேல்லை."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். என்ன முகத்தோடு கேட்பது? மூன்று கிழமை அவளை வேவு பார்த்த எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அது வேலை விடுகிற நேரம், ரெயிலில் நல்ல சனம். இந்த ரெயிலை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். "நீங்கள் பக்கத்திலை நிக்கிறியள்தானே" என்று ஏறினாள். கதவு மூட முன்னமே ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பி இடம் விட்டார். மனைவி மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மா குனிந்து, ஆணா பெண்ணா என்று ஆசையாகக் கேட்டார்.

"பெண்" என்றாள் என் மனைவி.

எட்டாம் மாதத்தில் போனது பெண்தான். இரண்டு வருடத்தில் அதை ஒருவர் கேட்டதும் அவள் சொன்னதும் அன்றைக்குத்தான்.