ஆறும் ஒன்பதும் எண்ணெய்க்கார மந்திரமூர்த்தியும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதென்றால் வாசுதேவநல்லூர் அரிசிக்கடை ஆறுமுகநயினாருக்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். அருவியில் தண்ணீர் விழுகிறதா? மந்திரமூர்த்தி படம் பார்த்தாச்சா?

மந்திரமூர்த்தி பெரிய அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். ஆனியில் சாரல் விழுந்ததும் தன் பலகைக் கல்லைக் கழுவிப் போடுவார். அதே வாரம் இலஞ்சிக்குச் சாலை பிரிகிற விலக்கில் டூரிங் டாக்கீஸ் கொட்டகையும் எழும்பிவிடும். புதுப்படம் வந்தால் முதல் நாள் முதல் ஆட்டத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்து, வாயே திறக்காமல் பார்ப்பார். மறுநாள் காலையில் அந்த வாயை மூட யாராலும் முடியாது.

வாய் சொல்வதற்கு முன்னால் கை சொல்லிவிடும். மோசமான படமென்றால் குப்புறப் படுத்திருப்பவன் பாடு திண்டாட்டம்தான். “கதாநாயகிக்குக் காய்ச்சலாம், சாகக் கெடக்கா.” முதுகில் ஒரு அறை. “கொண்டையில இருக்க பூ வாடல அண்ணாச்சி!” இன்னொரு அறை. “அது என்ன பூவு, தகரப் பூவா?” அன்று சாயங்காலம் கொட்டகையில் பாதி மணல் காலியாகக் கிடக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் மந்திரமூர்த்தியின் பெண்டாட்டி பேராச்சி போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அந்தச் சீசனில் மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தார். நல்ல படம் வந்தாலும் முதுகுகள் சிவந்துதான் போயின.

ஆடி கடைசியில் ஒரு குடும்பப் படம் வந்தது. மறுநாள் காலை கல்லில் படுத்த ஆறுமுகநயினாருக்கு ஆச்சரியம். மந்திரமூர்த்தியின் கை பூப்போல இறங்கியது.

“படம் எப்படி வே?”

“சொல்லுதேன் அண்ணாச்சி. பாதியில பெண்டாட்டி செத்துப் போயிருதா. இவன் மெட்ராஸுக்குப் போயி என்னல்லாமோ வேலை பாக்கான். பெறவு ஊருக்கு வந்து கதவத் தெறந்தா, அடுப்படியில அவ நிக்கா! ‘சோறு ஆறுது, எங்க போயிச் சுத்திட்டு வாரீரு?’ன்னு ஏசுதா. பேயி இல்ல, கனவு இல்ல. யாரும் ஒரு விளக்கமும் சொல்லல. செத்தவளுக்காக எல்லாவனும் பாட்டுப் பாடி நம்மள அழவைப்பான். இந்தப் படம் எடுத்தவன் அவள வீட்டுக்குள்ள நடமாட விட்டுட்டான் பாத்தீரா! அப்படித்தான அண்ணாச்சி இருக்கு? நம்ம வீட்டுல அப்படித்தான இருக்கு?”

ஆறுமுகநயினார் எழுந்து அருவிக்குப் போனார். குளித்து முடித்து, ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே படத்துக்குப் போனார்.

மறுநாள் வந்தவர் கல்லில் படுக்கவில்லை. “என்ன வே, பட்டப்பகல்ல புளுகுதீரு? அவ வீட்டுல இருக்கா, இவன் மெட்ராஸுக்குப் போறான், திரும்பி வாரான், அவ சாவுதா. செத்தவ எங்க வந்தா? எங்க சொந்தக்காரனுவ சிரிக்கானுவ!”

மந்திரமூர்த்தி எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். ஆப்பரேட்டர் மூசா தலையைச் சொறிந்தான்.

“சத்தம் போடாதீரும் அண்ணாச்சி. முத நா முத ஆட்டத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. ரீல் டப்பாவத் தலைகீழா அடுக்கிட்டேன். ஆறு ஒம்பதாத் தெரிஞ்சுது, ஒம்பது ஆறாத் தெரிஞ்சுது. மாத்தி ஓட்டிட்டேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாரு.”

மந்திரமூர்த்தி மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊர் சிரிப்பது அவருக்கு உறைக்கவில்லை. பேராச்சி இரண்டாம் தடவையும் செத்துப்போனாள், அதுதான் உறைத்தது.

அன்று ஆட்டத்தில் படத்தைச் சரியான வரிசையில் பார்த்தார். மறுநாள் கல்லில் வந்து படுத்த ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், “நான் சொன்னது தப்பு. படம் சுமார்தான்” என்றார். ரீல் மாறிய கதையை மட்டும் சொல்லவில்லை. மூசாவின் பிழைப்பில் மண் விழுந்துவிடுமே. ஆறுமுகநயினாருக்கோ கோபம் ஆறவில்லை. வேறு ஆளிடம் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். ஒரு வம்பும் இல்லாமல், ஒரு ருசியும் இல்லாமல் போயிற்று.

கொட்டகையைப் பிரிப்பதற்கு முந்தின நாள், அந்தப் படத்தின் கடைசி ஆட்டம். மந்திரமூர்த்தியைப் பொய்யன் என்று யாரோ சொன்னது மூசாவின் காதிலும் விழுந்திருந்தது. டிக்கெட் கிழிக்கிற இடத்தில் அவரைப் பார்த்து, “இன்னைக்கி முன்னால போயி இரும்” என்றான். பிறகு ரீல் டப்பாக்களை அடுக்கப் போய்விட்டான்.

ஒற்றை மெஷின் என்பதால் ரீலுக்கு ரீல் விளக்குப் போடுவார்கள். ஐந்து முடிந்தது. ஆறாவதாக ஓடிய ரீலில் அவள் செத்தாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. மந்திரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு, எட்டு. விளக்கு அணைந்தது. அடுப்படியில் அவள் நின்றாள். “சோறு ஆறுது.”

விசில் பறந்தது. “ஏலே ஆப்பரேட்டரு! செத்தவ எப்படிலே வருவா? ரீல மாத்துலே!”

ஐந்து சீசனில் படம் ஓடும்போது ஒரு சொல் பேசாத மந்திரமூர்த்தி எழுந்து நின்றார். அவர் தலை நிழல் திரையில் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

“வந்துட்டாலே! இரிங்கலே எல்லாவனும். அவ சோறு போட்டுட்டுப் போட்டும்.”

கொட்டகை அடங்கிவிட்டது. ரீல் தீர்ந்து விளக்கு எரிந்தபோது பின்னாலிருந்து ஆறுமுகநயினார் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுமாரான படம்னீரே வே?”

“சுமார்தான் அண்ணாச்சி” என்றார் மந்திரமூர்த்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இந்த ஒரு ரீலத் தவிர.”